போகும்போது கடல் என் பக்கம்

வள்ளவிளையில் வெளிச்சம் பரவுமுன்னே
காரை எடுத்துவிட்டேன்.
வராந்தா பல்பை அணைக்காமல் வந்தது
சின்னத்துறை தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.
திரும்பவில்லை.

குவைத்துக்குப் போன நர்ஸ் ஒருத்தி
விற்றுவிட்டுப்போன பழைய ஆல்டோ.
கண்ணாடியில் ஆடுகிற செபமாலையும் அவளுடையதுதான்.

இடப்பக்கம் ததேயு.
இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்திருந்தார்.
நாற்பத்தொரு நாள் தங்கலுக்குப் போய்
கொச்சியில் கரையேறி
முந்தாநாள்தான் வந்திருந்தார்.

"கடலோரமாவே கன்னியாகுமரி வரைக்கும் போவோம்."
"நான் பாக்காத கடலா?"
"கடல் இல்ல. கரை."

ஆற்றுப்பாலத்தில் பனி கிடந்தது.
தேங்காப்பட்டணம் தாண்டி
ஒரு கோபுரத்தைக் கண்டு நிமிர்ந்தார்.
ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டினார்,
விரலைக் கோபுரத்தின் மேல் வைத்தார்.
"கடல்ல நின்னா இது ஒரு விரல் உயரம்.
அந்த மலை இதுக்குப் பின்னால வந்து நின்னா
கீழ பார் கெடக்கும், வலை கிழியும்."
கோபுரத்தின் அடியில்
ஒரு சைக்கிள் கடை இருந்தது.
பஞ்சர் ஒட்டுகிறவன் எங்களையே பார்த்தான்.
"இதெல்லாம் இங்கயா இருக்கு" என்றார்.

இனயத்தில் கடல் சாலையைத் தின்றிருந்தது.
தார் பாதியில் முறிந்து
காற்றில் நீட்டிக்கொண்டிருக்க,
தென்னந்தோப்புக்குள் புகுந்து
நாலு வளைவு, ஆறு வளைவு,
ஒரு ஆட்டுக்குட்டிக்காக ஒரு பிரேக்.
குறும்பனைக்கு முன்னால்
"நிறுத்து பிள்ளே" என்றார்.

ஓக்கிப் புயலில் கவிழ்ந்த படகின் முதுகில்
இரண்டு ராத்திரி கிடந்தவர்
குருசடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
காலையில் தின்ற புட்டு முழுவதையும் கக்கினார்.
தண்ணீர் கொடுத்தேன்.
சிரிக்கக்கூடாது என்று
கண்ணாடியில் செபமாலையையே பார்த்தேன்.
"யாருட்டயும் சொல்லாத."

குளச்சலில் எலுமிச்சை வாங்கிக் கையில் கொடுத்தேன்.
மணவாளக்குறிச்சியில் கறுத்த மணல்,
இறங்கி ஒரு பிடி அள்ளி
எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டுக்
கீழே விட்டார்.

முட்டத்தில் விளக்குக்கோபுரம்.
எத்தனையோ இரவு அதன் வெட்டுகளை எண்ணிக்
கரை தேடினவர்
பகலில் டிக்கெட் எடுத்து ஏறினார்.
மேலே காற்று என் முந்தானையைப் பறித்தது.
கீழே அலைகளுக்குச் சத்தமே இல்லை.
"இங்கேந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு"
என்றார். கொஞ்சம் கோபமாகவே.

பிறகு ராஜாக்கமங்கலம் துறை, பள்ளம்,
மணக்குடிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால்
ஒரு ஐஸ் லாரி சொட்டிக்கொண்டே போனது.
கோவளத்தில் வெயில் மஞ்சளானது.
கன்னியாகுமரியில் வண்டி நிறுத்த இடமே இல்லை,
பஸ்களுக்கு இடையில் சுற்றிச் சுற்றி
நான் இடம் பிடித்தபோது
சூரியன் போயிருந்தது.
"எவ்வளவு தூரம்?"
மீட்டரைப் பார்த்தேன். எண்பத்தாறு.
"படகுல அஞ்சு மணிக்கூர்" என்றார்.
அவித்த கடலை வாங்கித் தின்றோம்.

திரும்பும்போது கடல் அவர் பக்கம்.
இருட்டில் விளக்குகள் கிடந்தன, தூரத்தில்.
"நம்ம ஊர எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"
"கோயில் குருசில ஒரு செவப்பு.
ஐஸ் பிளாண்டில ஒரு வெள்ள.
ரெண்டுக்கும் நடுவில ஒரு இருட்டு.
அந்த இருட்டுதான் நம்ம வீடு."

கியரை மாற்றினேன்.
பதினாலு வருசமாய் ஒவ்வொரு ராத்திரியும்
விடியும்வரை எரிகிறது அந்த வராந்தா பல்பு.
குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்தாயிற்று.
"பல்பு தெரியாதா?"
"எந்த பல்பு?"
கரண்டு பில்லை நினைத்துச் சிரிப்பு வந்தது.
முழுசாக வரவில்லை.

எங்கள் சந்தில் வண்டி நேராக நுழையாது.
அவர் இறங்கி மொபைல் வெளிச்சத்தைக் காட்டி
"வலத்த... வலத்த... இன்னும் கொஞ்சம்...
நங்கூரம் போடு" என்றார்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

பகல் முழுக்க எரிந்த பல்பில்
ஈசல் மொய்த்திருந்தது.
ததேயு முற்றத்தில் நின்று
ஒரு கண்ணை மூடிக்
கையை நீட்டி
விரலால் அளந்துகொண்டிருந்தார்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
பசித்தது. பைக்குள் சாவியைத் தேடினேன்.